‘எல்லாம் இற்றைநிலையில் உள்ளன’ என்று கணினி சொன்ன பிறகு பார்க்க வேண்டியவை

கல்லடியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணினி அறையைப் பார்வையிடும் வாய்ப்பு எனக்குக் கடந்த ஆண்டு கிடைத்தது. அங்கிருந்த எட்டுக் கணினிகளிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நிறுவப்பட்டிருந்தது. எட்டிலும் இற்றைப்படுத்தல் முகாமையாளரின் கேடயக் குறி குறை எதையும் காட்டவில்லை. ஆனால் மாணவர்கள் நாள்தோறும் திறக்கும் பயர்பொக்ஸ் உலாவியின் பதிப்பு எண்ணைப் பார்த்தபோது, அது ஓராண்டுக்கும் மேலாகப் பழையதாக இருந்தது. கணினிகளை அமைத்துக் கொடுத்தவர், எல்லா மாணவர் கணக்குகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், மொசில்லாவின் சுருக்கக் கோப்பை இறக்கி ‘ஒப்ட்’ என்ற முறைமைக் கோப்புறையில் விரித்து வைத்திருந்தார். அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு என்பதால் பயர்பொக்ஸால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடியவில்லை. இற்றைப்படுத்தல் முகாமையாளருக்கோ அப்படி ஒரு பயர்பொக்ஸ் அங்கே இருப்பதே தெரியாது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்த பின்னர், பழைய மடிக்கணினிகளை உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் மாற்றிக் கொடுக்கும் வேலையை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பலர் செய்துவருகின்றனர். அது நல்ல வேலை. அவ்வாறு மாற்றிக் கொடுப்பவர்களும் மாற்றிக்கொண்டவர்களும் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்மையில் வந்து சேர்கின்றனவா என்று தாமே சோதித்துக்கொள்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வரும் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கட்டளைகளை இடும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

அந்த அறிவிப்பு சொல்வதும் சொல்லாததும்

‘எல்லாம் இற்றைநிலையில் உள்ளன’ என்ற வாசகத்தின் பொருள், உங்கள் கணினியில் உள்ள பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் கட்டுகள்) அவற்றின் களஞ்சியத்தில் (இணையத்தில் அவை சேமித்து வைக்கப்படும் இடத்தில்) உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றன என்பது மட்டுமே. அந்தக் களஞ்சியத்துக்கே திருத்தம் வந்துவிட்டதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மென்பொருளை எழுதியவர்கள் ஓர் ஓட்டையை அடைத்த நாளுக்கும், அந்த அடைப்பு உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்தை அடையும் நாளுக்கும் இடையில் சில மணித்தியாலமும் இருக்கலாம், சில மாதங்களும் இருக்கலாம்.

2019 ஜூலையில் வீ.எல்.சி. இயக்கியில் பாரதூரமான பாதுகாப்பு ஓட்டை உள்ளதாக உலகெங்கும் செய்தி பரவியது. அதனை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பினர் ஆராய்ந்தபோது, குறை வீ.எல்.சி.யின் சொந்த நிரலில் இல்லை என்பதும், மட்ரொஸ்கா வகைக் காணொளிகளைப் படிக்க அது துணைகொள்ளும் ‘லிப் இ.பி.எம்.எல்.’ என்ற நூலகத்தில் (பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) இருந்தது என்பதும், அந்த நூலகத்தில் அது 16 மாதங்களுக்கு முன்பே சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதும் தெரியவந்தன. முறைப்பாடு செய்தவர் உபுண்டு 18.04 ஐப் பயன்படுத்தினார். அவரது கணினியில் பழைய நூலகமே இருந்தது. எழுதியவர்கள் தம் கடமையைச் செய்து ஓராண்டுக்கு மேலாகியும் திருத்தம் பயனரை அடையாமல் வழியில் நின்றுவிட்டது.

உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் என்ற வழங்கலிலும் இப்படி நடந்ததுண்டு. 2020 இன் பிற்பாதியில் டெபியன் 10 இன் குரோமியம் உலாவி பல மாதங்களாக 83 ஆம் பதிப்பிலேயே நின்று, 2021 ஜனவரியில்தான் 87 ஆம் பதிப்புக்கு வந்தது. பெரிய உலாவி ஒன்றை வாரந்தோறும் தொகுத்து வெளியிடுவதற்குப் போதிய தொண்டர்கள் இல்லாமற்போனால் அதன் விளைவு இதுதான். அதற்குப் பிறகு அங்கே நிலைமை வெகுவாகச் சீரடைந்துள்ளது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு முக்கிய செயலிக்கும் ‘இதற்குத் திருத்தம் அனுப்பும் பொறுப்பு யாருடையது?’ என்று தனித்தனியே கேட்க வேண்டும். எல்லாச் செயலிகளுக்கும் கேட்கத் தேவையில்லை. கணிப்பானுக்கோ சீட்டாட்டத்துக்கோ இந்தச் சிரமம் வேண்டாம். வெளியார் அனுப்பும் பக்கங்களையும் கோப்புகளையும் திறக்கும் செயலிகளே கவனிக்கத்தக்கவை: உலாவி, மின்னஞ்சல் செயலி, பீ.டி.எஃப். வாசிப்பான், லிப்ரே ஒபிஸ், காணொளி இயக்கி, அரட்டைச் செயலி. ஆசிரியர்கள் வினாத்தாள்களையும் கடந்தகால விடைத்தாள்களையும் குழுக்கள் வழியே பகிர்ந்துகொள்ளும் நம் ஊரில், பீ.டி.எஃப். வாசிப்பானை உலாவிக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

செயலி எங்கிருந்து வந்தது என்று கண்டறிதல்

முதலில் முனையத்தில் ‘ஆப்ட் பொலிசி’ என்ற கட்டளையுடன் பொதியின் பெயரைச் சேர்த்து இயக்குங்கள். நிறுவப்பட்டுள்ள பதிப்பு எது, களஞ்சியத்தில் உள்ள பதிப்பு எது, அது களஞ்சியத்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது ஆகிய மூன்றையும் அது காட்டும். உபுண்டுவில் அந்தப் பகுதியின் பெயர் மிக முக்கியமானது. ‘மெயின்’ என்றிருந்தால், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஐந்து ஆண்டுகளுக்கு உபுண்டுவின் பாதுகாப்புக் குழு அதற்குத் திருத்தம் அனுப்பும். ‘யூனிவர்ஸ்’ என்றிருந்தால், அது தொண்டர் சமூகத்தின் பராமரிப்பில் உள்ளது. திருத்தம் வரலாம், தாமதிக்கலாம், வராமலும் போகலாம். வீ.எல்.சி. யூனிவர்ஸ் பகுதியைச் சேர்ந்தது. மேலே சொன்ன 2019 ஆம் ஆண்டுச் செய்தியின் பின்னணி இப்போது விளங்கியிருக்கும்.

யூனிவர்ஸ் பொதிகளுக்கும் திருத்தம் பெற உபுண்டு ப்ரோ என்ற சந்தா உண்டு. தனிப்பட்ட பயனர்களுக்கு 5 கணினிகள் வரை அது இலவசம். ‘ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை, உங்கள் கணினியில் எத்தனை பொதிகள் எந்தப் பகுதியிலிருந்து வந்தவை, எவற்றுக்கு ஆதரவு இல்லை என்று எண்ணிக் காட்டும். சந்தா இல்லாத கணினியில் இற்றைப்படுத்தும்போது, சில பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ப்ரோ வேண்டும் என்ற வரி முனையத்தில் தோன்றும். பலர் அதை விளம்பரம் என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அந்த வரியில் பெயர் குறிக்கப்படும் பொதிகளுக்கு அடைப்பு ஆயத்தமாகிவிட்டது என்பதும், அது உங்கள் கணினிக்கு இன்னும் வரவில்லை என்பதுமே அதன் பொருள். ஆகவே அதை வாசியுங்கள்.

டெபியனில் ‘செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். அதற்கு ‘டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்’ என்ற பொதியை நிறுவியிருக்க வேண்டும். எவொலூஷன், கியரி போன்ற அஞ்சல் செயலிகள் மடல்களைக் காட்டுவதற்குப் பயன்படுத்தும் வெப்கிட் ஜி.டி.கே. என்னும் இயந்திரம், 2019 இல் வெளியான டெபியன் 10 இலிருந்துதான் பாதுகாப்பு ஆதரவின் கீழ் வந்தது. உலாவியை இற்றைப்படுத்திவிட்டோம் என்று நிம்மதி கொள்பவர், தம் அஞ்சல் செயலிக்குள்ளும் ஓர் உலாவி இயந்திரம் இருப்பதை நினைப்பதில்லை.

அடுத்து ‘ஸ்னாப் லிஸ்ட்’, ‘பிளட்பக் லிஸ்ட்’ ஆகிய இரு கட்டளைகளையும் இயக்கிப் பாருங்கள். ஸ்னாப், பிளட்பக் என்பன வேறு இரு பொதி வகைகள். இவ்வகைப் பொதிகள் தமக்குத் தேவையான நூலகங்களைத் தம்மோடு சுமந்து வருவன. 2023 செப்டெம்பரில் வெப்பி என்னும் பட வகையைப் படிக்கும் ‘லிப்வெப்பி’ நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்டபோது, குரோமும் பயர்பொக்ஸும் ஓரிரு நாட்களில் அடுத்தடுத்துத் திருத்தம் வெளியிட்டன. வழங்கலின் பொது நூலகத்தைப் பயன்படுத்திய செயலிகள் அனைத்தும் அந்த ஒரு நூலகம் இற்றைப்படுத்தப்பட்டதும் காப்பாற்றப்பட்டன. தனிப் பிரதியைச் சுமந்த ஒவ்வொரு செயலியும் தன் உருவாக்குநர் புதிய பதிப்பை வெளியிடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் களஞ்சியத்தோடும் இணையாத செயலிகள், அதாவது நிறுவாமலேயே இயங்கும் ஆப் இமேஜ் கோப்புகள், தளத்திலிருந்து தனியே இறக்கி நிறுவிய டெப் கோப்புகள், கல்லடியில் கண்டது போன்ற ‘ஒப்ட்’ பிரதிகள் ஆகியன, பெரும்பாலும் எவருடைய கவனிப்பிலும் இல்லாதவை. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காக நிறுவிய காணொளிச் செயலி இன்னும் அந்நாளைய பதிப்பிலேயே இருக்கும் மடிக்கணினிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டிருக்கிறேன்.

பதிப்பு எண்ணை மட்டும் கண்டு கலங்க வேண்டாம். டெபியனும் உபுண்டுவும் பெரும்பாலான பொதிகளில் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் புகுத்துகின்றன. 2014 ஏப்பிரலில் ஓபன் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளியானபோது, உருவாக்குநர்கள் 1.0.1 வரிசையில் ‘ஜி’ என்ற பதிப்பில் அதனை அடைத்தார்கள். டெபியனோ தன் ‘இ’ பதிப்பிலேயே அடைப்பைச் சேர்த்து, வால் எண்ணை மட்டும் கூட்டி வெளியிட்டது. எனவே முழு எண்ணையும், அதன் வாலுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘ஆப்ட் சேஞ்ச்லொக்’ கட்டளை, எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்பதை, ஒவ்வோர் ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்ணான சீ.வீ.இ. எண்களுடன் காட்டும். உலாவிகள் இதற்கு விலக்கு. அவற்றில் எண் பின்தங்கியிருந்தால் பாதுகாப்பும் பின்தங்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். டெபியன் தரும் பயர்பொக்ஸ் நீண்ட ஆதரவு வகையைச் சேர்ந்தது என்பதால், அதனை அதே வகையின் அண்மைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

கைத்தொலைபேசி வழி இணையமும் தானியங்கி இற்றைப்படுத்தலும்

நம் பகுதியில் அதிகம் பேசப்பட வேண்டிய இடம் இதுவென்று கருதுகிறேன். உபுண்டுவில் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற பொதி, பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தோறும் தானாகவே நிறுவுமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. இணைப்பு ‘அளவிடப்பட்டது’, அதாவது தரவுக்குக் கட்டணம் உள்ளது, என்று கணினி கருதினால் அது இயங்காது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடினாலும் இயங்காது. அண்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலம் இணைந்தால், கணினி அதனைப் பெரும்பாலும் தானாகவே அளவிடப்பட்ட இணைப்பாகக் கருதிவிடும்.

இப்போது படுவான்கரையில், உதாரணமாகக் கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ, உயர்தரத்துக்குப் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் நிலையான இணைப்பு இல்லை. தந்தையின் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில், மாலையில் ஒன்றரை மணி நேரம், மடிக்கணினியை மடியில் வைத்து மின்கலத்திலேயே அவர் இணையத்தைப் பயன்படுத்துகிறார். இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரத் தடையாக நிற்பதால், தானியங்கி இற்றைப்படுத்தல் மாதக்கணக்கில் ஒருமுறையேனும் ஓடாமலிருக்கலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது. தரவைச் சேமிக்கும் நோக்கில் வைக்கப்பட்ட இந்த ஏற்பாடு நியாயமானதுதான், ஆனால் ஹொட்ஸ்பொட்டைத் தவிர வேறு இணைப்பே இல்லாத வீட்டில் அது பாதுகாப்பை முற்றாக நிறுத்திவிடுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மின்னேற்றியைச் செருகிய பின், கையாலேயே இற்றைப்படுத்துவதாகும். ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அதன்பின் ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ என்ற இரு கட்டளைகளும் அளவிடப்பட்ட இணைப்பைப் பொருட்படுத்தாமல் இயங்கும். உங்கள் தரவுப் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னர் தனி இரவுத் தரவு கிடைக்குமானால், அந்நேரத்தில் இரண்டாவது கட்டளையுடன் ‘டவுன்லோட்-ஒன்லி’ என்ற தெரிவைச் சேர்த்துப் பதிவிறக்கத்தை மட்டும் முடித்துவிட்டு, காலையில் தரவு செலவின்றி நிறுவலாம். தரவு மிகவும் குறைவாக இருந்தால், மின்ட்டின் இற்றைப்படுத்தல் முகாமையாளரில் பாதுகாப்பு என்று குறிக்கப்பட்டவற்றையும் உலாவியையும் மட்டும் தெரிவுசெய்து நிறுவுங்கள். லிப்ரே ஒபிஸின் பெரிய பொதிகளை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பதில் பெருந்தவறு இல்லை. வீட்டுக்கு வரம்பற்ற இணைப்பு வந்த பின்னரும் பழைய குறி நீடிக்கக்கூடும். வலையமைப்பு அமைப்புகளில் அந்த இணைப்பின் விபரத்தைத் திறந்து, ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்ற குறியை நீக்குங்கள்.

மின்ட்டில் தானியங்கி இற்றைப்படுத்தல் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இற்றைப்படுத்தல் முகாமையாளரின் விருப்பத்தெரிவுகளில் ‘தானியங்கல்’ தாவலுக்குச் சென்று நீங்களே இயக்க வேண்டும். உலாவி இற்றைப்படுத்தலை ஒரு வாரத்துக்குள் நிறுவுவோர் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே என்று 2021 பெப்ரவரியில் மின்ட் குழுவினரே கவலையுடன் எழுதினார்கள். களஞ்சியத்தில் நேரும் தாமதத்தைப் பற்றிக் குறைகூறும் நாம், நம் மேசையில் நேரும் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில் பல கணினிகள் உள்ள பயிற்சி நிலையங்களுக்கும் பாடசாலை அறைகளுக்கும் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ என்ற பொதியைப் பரிந்துரைக்கிறேன். ஒரு கணினியில் அதனை நிறுவி, மற்றவற்றை 3142 ஆம் வலையமைப்புத் துறை (போர்ட்) வழியாக அதனுடன் இணைத்தால், ஒவ்வொரு பொதியும் இணையத்திலிருந்து ஒருமுறை மட்டுமே இறங்கும். மீதிக் கணினிகள் அறைக்குள்ளேயே பெற்றுக்கொள்ளும். ஸ்னாப், பிளட்பக் பொதிகளுக்கு இது உதவாது என்பதால், இத்தகைய அறைகளில் இயன்றவரை சாதாரணப் பொதிகளையே பயன்படுத்துவது தரவுச் செலவைக் குறைக்கும்.

நிறுவிய பின்னும் பழையது ஓடலாம்

உபுண்டு 22.04 முதல் பயர்பொக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது. ஸ்னாப் நாளொன்றுக்கு நான்கு தடவை இற்றைப்படுத்தலைத் தேடும். ஆனால் செயலி திறந்திருந்தால் 14 நாட்கள் வரை அதனை ஒத்திவைக்கும். மடிக்கணினியை அணைக்காமல் மூடி வைத்துவிட்டு, உலாவியையும் மூடாமல் நாட்களைக் கழிப்பவர்களுக்கு இந்த ஒத்திவைப்பு முழுமையாக நேர்கிறது. ஆகவே நாளில் ஒரு தடவையேனும் உலாவியை முற்றாக மூடுங்கள். சாதாரணப் பொதிகளிலும், நூலகமோ இயங்குதளத்தின் கருவான கேர்னலோ புதுப்பிக்கப்பட்டால் மீள்தொடக்கம் செய்யும் வரை நினைவகத்தில் பழையதே இயங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு வழங்கல் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மேம்படுத்தும்போது, உபுண்டு வெளியார் களஞ்சியங்களைச் செயலிழக்கச் செய்துவிடும். மேம்படுத்தல் முடிந்ததும் ‘மென்பொருளும் இற்றைப்படுத்தல்களும்’ சாளரத்தில் ‘ஏனைய மென்பொருள்’ தாவலைத் திறந்து, தேவையானவற்றை மீண்டும் இயக்க வேண்டும். அதே இடத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் களஞ்சியத்தை இலங்கையிலுள்ள பிரதிச் சேவையகத்துக்கு மாற்றுவது வேகத்துக்கு நல்லது. ஆனால் பாதுகாப்புக் களஞ்சியம் உபுண்டுவின் மூலச் சேவையகத்தையே நேரடியாகச் சுட்டும்படி விடப்பட வேண்டும், ஏனெனில் பிரதிகள் சில வேளைகளில் மூலத்துக்குப் பின்தங்கி நிற்கும்.

ஆதரவு முடியும் திகதியையும் அறிந்திருக்க வேண்டும். உபுண்டு 20.04 இன் வழமையான ஆதரவும் மின்ட் 20 வரிசையின் ஆதரவும் 2025 இல் முடிந்துவிட்டன. மின்ட் 21 வரிசைக்கு 2027 வரையும், 22 வரிசைக்கு 2029 வரையும் ஆதரவு உண்டு. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதங்கள் மட்டுமே. பிறருக்கு அமைத்துக் கொடுக்கும் கணினியில் அவற்றை நிறுவாதீர்கள்.

திருத்தம் இன்னும் வராதபோது

ஓர் ஓட்டையைப் பற்றிய செய்தி வந்து, உங்கள் களஞ்சியத்தில் திருத்தம் காணப்படவில்லை என்றால், அதன் சீ.வீ.இ. எண்ணை டெபியனின் பாதுகாப்புத் தடமறி பக்கத்திலோ உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்திலோ தேடுங்கள். உங்கள் பதிப்பு பாதிக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா, இன்னும் மதிப்பிடப்படவில்லையா என்று அங்கே பதிப்பு வாரியாகக் காட்டப்பட்டிருக்கும். பாதிக்கப்பட்டது என்றிருந்தால், உலாவியாயின் உருவாக்குநரின் சொந்தக் களஞ்சியத்துக்கு மாறுவதே சிறந்தது. மொசில்லா 2024 முதல் பயர்பொக்ஸின் நிலையான பதிப்புக்கும் டெபியன், உபுண்டு வகை வழங்கல்களுக்கான களஞ்சியத்தை நடத்துகிறது. காணொளி இயக்கியாயின், பிளட்பக் பொதிகளைத் தரும் பிளட்ஹப் தளத்தில் புதிய பதிப்பு உண்டா என்று பார்க்கலாம், அல்லது திருத்தம் வரும் வரை அறியாதவர் அனுப்பிய கோப்புகளை அதில் திறக்காமல் இருக்கலாம்.

தாமதத்துக்கு அஞ்சி, முழுக் கணினியையும், அடுத்த நிலையான பதிப்புக்கான பொதிகள் சோதிக்கப்படும் டெபியனின் சோதனைக் கிளைக்கு மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கிளைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும், புதிய பொதிகள் முதலில் வந்து சேரும் ‘நிலையற்ற’ கிளை வழியாகவே வருவதால், அங்கே தாமதம் கூடவும் செய்யலாம். மேலும், 2024 மார்ச் 29 ஆம் திகதி அண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளர் வெளிப்படுத்திய, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். நூலகத்தின் களவு வாசல் (இரகசியமாக உள்நுழைய வைக்கப்பட்ட வழி), 5.6.0, 5.6.1 ஆகிய புத்தம்புதிய பதிப்புகளிலேயே வைக்கப்பட்டிருந்தது. அது டெபியனின் சோதனைக் கிளை வரை வந்திருந்தது, நிலையான பதிப்பை எட்டவில்லை. முறைமையை நிலையான பதிப்பில் வைத்து, வெளியார் கோப்புகளைத் திறக்கும் நான்கைந்து செயலிகளை மட்டும் விரைவாகப் புதுப்பிக்கும் வழியே வீட்டுக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும் என்பது என் முடிவு.

கல்லடிக் கணினி அறையில் நாங்கள் செய்த மாற்றம் ஒரு பிற்பகலில் முடிந்தது. மின்ட்டின் களஞ்சியத்திலிருந்து பயர்பொக்ஸை நிறுவி, ‘ஒப்ட்’ பிரதியை அழித்து, மேசைத்திரையிலும் பட்டியிலும் அந்தப் பழைய பிரதியைச் சுட்டிய குறுக்குவழிகளையும் நீக்கினோம். குறுக்குவழிகளை மறந்துவிட்டால், மாணவர்கள் சொடுக்கும்போது எதுவும் திறக்காது, யாரேனும் மீண்டும் பழைய முறையிலேயே நிறுவிவிடுவார்கள். புத்தகக்குறிகள் கணினியில் ஒவ்வொரு மாணவரின் சொந்த (ஹோம்) கோப்புறையில் இருப்பதால் அவை அழியவில்லை. பிறகு எட்டுக் கணினிகளிலும் தானியங்கலை இயக்கி, ஒவ்வொன்றிலும் உலாவியின் பதிப்பு எண்ணை அறைப் பொறுப்பாளரின் வரவுப் பதிவேட்டில் திகதியுடன் எழுதி வைத்தோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் அதே எட்டு எண்களையும் மீண்டும் பார்த்து எழுதுகிறார்.